நாலெழுத்து

செவ்வாய்ப்பேட்டையில் பேர் வெட்டுகிறவர்
எழுத்துக்கு முப்பது ரூபாய் என்றார்.
ரெமீஜியா என்றால் நாலெழுத்து.
தங்காயி என்றாலும் நாலெழுத்து.
செலவை வைத்து முடிவெடுக்க வழியில்லை.

ஐம்பதாவது ஆண்டுக் கேடயத்தில்
ஒரே ஒரு பேருக்குத்தான் இடம்:
மன்றத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரி.
கோரிமேட்டு ஜெராக்ஸ் கடையின் பின்னறையில்
ஐந்து பேர் கூடினோம்.
தட்டுவடை செட் இரண்டு முறை வந்தது.
ஓட்டு இரண்டுக்கு இரண்டு.
மிச்சம் நான்,
பதினாறு வருடம் கோலில் நின்றவள்.

ஸ்கோர் புத்தகத்தைப் பிரித்தார் இன்னாசிமுத்து.
எண்பத்தேழு. ஒரே சீசன்.
பதினோரு ஆட்டம், இருபத்தாறு கோல்.
ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில்
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி,
வாந்தி எடுத்துவிட்டு
மட்டையைத் தூக்குவாள் ரெமீஜியா.
அடுத்த ஜூனில் முழங்கால் போயிற்று.
அதோடு சரி.

தங்காயியின் பேர் புரட்டப் புரட்ட வந்தது.
இருபத்து மூன்று வருடம், இடது ஹாஃப்.
நடுவில் மூன்று பிரசவம்.
கோல் நாலு.
அதிலும் ஒன்று எதிராளி மட்டையில் பட்டு
வழி தவறிப் போனது.

"உச்சம்னா உச்சம்தாங்க.
மலைன்னா உயரம் எத்தனைன்னுதான் கேப்பாங்க,
நீளத்தை யாரு கேக்கறா?" என்றான் கேசவமூர்த்தி.
"சேர்வராயன் மலை முழுக்க
நடந்து பாத்திருக்கியா நீ?" என்றாள் பிலோமி.

ரேஷன் கடையில் எடை போட்டுப் பழகிய கை என்னுடையது.
அரிசியையும் மண்ணெண்ணெயையும்
ஒரே தராசில் வைக்கச் சொல்கிறார்கள்.

ரெமீஜியாவின் பந்தைப் பயிற்சியில்
நாற்பது நாள் தடுத்தேன்.
தடுத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.
பந்து கிளம்பியதைப் பார்த்திருக்கிறேன்.
பின்பலகையின் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன்.
நடுவில் நடந்தது
இன்றுவரை எனக்குத் தெரியாது.
அந்தப் பலகை இப்போது
வாட்ச்மேன் வீட்டு ஆட்டுப்பட்டிக்குக் கதவு.
பள்ளம் அப்படியே இருக்கிறது;
கட்டைவிரலை வைத்தால் பொருந்தும்.
முப்பத்தெட்டு வருடமாக
அடித்துக்கொண்டே இருக்கிறாள்.

தங்காயி ஆடிய நாளில்
வீடு திரும்பி ஜெர்ஸியை அலசினால்
வாளித் தண்ணீர் தெளிவாகவே இருக்கும்.
வெள்ளைக்கல் சுரங்கத்துப் புழுதி மைதானம் அது,
விழுந்து எழுந்தால் மாவில் புரட்டிய மீன்.
அவள் இருந்தால் நான் விழ வேண்டியதே இல்லை.
வராத பந்தை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஒருநாள் மட்டும்,
தொண்ணூற்று நாலு, ஓசூர் அரையிறுதி,
கடைசி ஒன்பது நிமிடம், மழை வேறு,
எதிரணிக்கு ஏழு பெனால்டி கார்னர்.
ஏழுக்கும் முதலில் பாய்ந்து ஓடியவள் அவள்.
ஆறு மட்டையில் நின்றது.
ஒன்று விலா எலும்பில்.
அந்த ஒன்பது நிமிடத்துக்கு
அவளைவிடப் பெரிய ஆட்டக்காரி
சேலத்தில் பிறந்திருக்கவில்லை.
புத்தகத்தில் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று இருக்கிறது.
மழையில் மை கொஞ்சம் ஊறியிருக்கிறது.

பேர் வெட்டுகிறவருக்குக் கடை சாத்தும் நேரம்.
ஊசியைத் துடைத்தபடி ஏறிட்டுப் பார்த்தார்.
வேறு வழி தெரியாமல்
தங்காயிக்கே போன் போட்டேன்.
பின்னால் விசில் சத்தம், யாரோ யாரையோ திட்டுகிறார்கள்.
ஐம்பத்தேழு வயது, மூச்சு வாங்கப் பேசினாள்:

"அவ பேரையே போடு புள்ள.
மீ நெடிலு, ஜி குறிலு,
அந்தாளு மாத்தி வெட்டிருவான், பக்கத்துலயே நில்லு.
ஞாயித்துக்கெழம எனக்கு மேட்ச் இருக்கு,
வெச்சிர்றேன்."